காட்சியும் உடைமையும்

மனிதன் உடைமையாக்கிக் கொள்ள விரும்பும் பொருள்களுள் மிகவும் விந்தையானது காட்சி. நெல்லை வாங்குபவன் அதை உண்கிறான். துணியை வாங்குபவன் உடுத்துகிறான். நிலத்தை வாங்குபவன் அதை உழுகிறான், அல்லது அதன்மேல் வீடு கட்டுகிறான். ஒரு நிலத்தின் தோற்றத்தை மட்டும் விலைக்கு வாங்குபவன் எதை வாங்குகிறான்? அந்த நிலத்தில் அவனுக்கு ஒரு சாண் உரிமையும் இல்லை. அந்தத் தோற்றத்தில் அந்த நிலமே இன்று இல்லாமற் போயிருக்கவும் கூடும். எனினும், பழைய கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படங்கள் ஏலத்துக்கு வரும்போது அவற்றைப் பெறப் போட்டியிடுவோர் உலகின் பல நகரங்களிலும் இருக்கின்றனர். ஒரு தாளுக்கு ஒரு வீட்டின் விலையைக் கொடுப்போரும் அவர்களுள் உண்டு.

இதைச் செல்வரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒதுக்குவதற்கு முன், அந்தத் தாளில் பதிந்திருப்பது யாருடைய ஊர் என்று கேட்டல் வேண்டும். மாறாமல் நிற்கும் ஊர்களில் இக்கேள்விக்கு வலிமை குறைவு. ஒரு தலைமுறைக்குள் தெருக்களே உருமாறிவிடும் சிங்கப்பூர் போன்ற நகரத்தில், பழைய படம் சான்றாகவும் நினைவாகவும் ஆகிவிடுகிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்க்கு அது ஏறத்தாழ உறவினர் முகம் போன்றது. அத்தகைய ஒன்றை ஏலத்தில் விடலாமா? ஏலத்தில் எடுத்தவர் அதைப் பூட்டி வைக்கலாமா? இவை சட்டத்தின் எல்லைக்குள் அடங்கிவிடாத, அறம் சார்ந்த வினாக்கள்.

வினாவைப் பொதுவாகப் பேசிக்கொண்டிராமல் ஓர் இடத்தில் ஊன்றிப் பார்ப்பது நன்று. லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள ஃபேரர் பார்க் அதற்கு ஏற்ற இடம். 1843இல் அங்குக் குதிரைப் பந்தயம் தொடங்கியது. ‘ரேஸ் கோர்ஸ் ரோடு’ என்னும் தெருப்பெயர் அதன் எச்சமாக இன்றும் வழங்குகிறது. சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாக வானூர்தி பறக்கக் கண்டதும் அத்திடலில்தான். 1911 மார்ச் 16ஆம் நாள் பெல்ஜியம் நாட்டு விமானி ஜோசப் கிறிஸ்டியான்ஸ் அங்கிருந்து பறந்து காட்டினார். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. திடல் பொது விளையாட்டிடம் ஆயிற்று. நகராட்சி ஆணையத்தின் தலைவராக 1919 முதல் 1931 வரை விளங்கிய ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் அதற்கு வாய்த்தது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் இந்தியப் படையின் வீரர் பல்லாயிரவர் அதே திடலில் திரட்டப்பெற்று ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள்முன் கேப்டன் மோகன் சிங் பேசினார். பின்னாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் பலர் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தின் வரலாற்றில் அந்நாளுக்குத் தனியிடம் உண்டு. போர் முடிந்தபின் அரசியல் கூட்டங்களையும் பந்தாட்டங்களையும் திடல் கண்டது. 1957இல் அங்குத் திறக்கப்பட்ட நீச்சல் வளாகம் 2003இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஃபேரர் பார்க் பெருவிரைவு இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் வீடுகளும் புதிய விளையாட்டு வசதிகளும் அமைக்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. பந்தயமோ புக்கிட் தீமாவிலிருந்து கிராஞ்சிக்குச் சென்று, 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு சிங்கப்பூரிலேயே முடிவுற்றது.

இத்தகைய திடலின் பழைய படம் ஒன்று, தொலைநாட்டு ஏல மண்டபம் ஒன்றில் விற்பனைக்கு வருவதாகக் கொள்க. படத்தில் வெட்டவெளி, ஓரத்தில் மரங்கள், தொலைவில் சில மனிதர். போட்டியில் இருவர் எஞ்சுகின்றனர். ஒருவர் சிங்கப்பூரைக் கண்டறியாதவர். ஒளியும் நிழலும் அந்தத் தாளில் இழைந்திருக்கும் நேர்த்தியைக் கண்டு மயங்கியவர். மற்றவர் அத்திடலருகே வளர்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியர். தொலைபேசி வழியாக விலை கேட்கிறார். விலை ஏறுகிறது. ஓர் எல்லைக்குமேல் ஆசிரியரால் கேட்க இயலவில்லை. ஏலம் விடுபவரின் சுத்தியல் விழுகிறது. படம் இனி யாருடையது? சட்டம் ஒரு நொடியில் விடை கூறும். அறம் சற்று நின்று எண்ணுகிறது.

எண்ணுவதற்கு முன், விலைபோன பொருள் எத்தகையது என்பதை அறிதல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்காட்சியைப் படமெடுப்பது கடும் உழைப்பு. மரப்பெட்டி போன்ற பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் கூலியாட்கள் சுமந்து சென்றனர். காட்சி முதலில் கண்ணாடித் தகட்டில் தலைகீழான ஒளியும் நிழலுமாகப் பதிந்தது. அதுவே நெகட்டிவ். பின்னர், முட்டை வெண்கருவும் உப்பும் பூசி வெள்ளி நைட்ரேட்டு ஏற்றிய தாளை அந்தத் தகட்டின்மேல் பொருத்தி வெயிலில் வைத்துப் படி எடுத்தனர். எனவே படத்தின் அளவு தகட்டின் அளவே ஆயிற்று. அக்காலத் தாள்களில் காணும் பழுப்பு நிறமும் நுண்மையான கோடுகளும் இம்முறையால் விளைந்தவை.

சிங்கப்பூரில் இத்தொழிலைப் பெருவணிகமாக நடத்தியது ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைச் சேர்ந்த குஸ்தாவ் ரிச்சர்ட் லாம்பர்ட் 1867இல் ஹை ஸ்திரீட்டில் நிலையம் திறந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் பட்டியலில் ஏறத்தாழ 3,000 காட்சிகள் இருந்தன. கப்பலில் வந்து செல்லும் வெளிநாட்டார் அவற்றை வாங்கித் தொகுப்பேடுகளில் ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். சிங்கப்பூரின் பழந்தோற்றங்கள் பல அயல்நாட்டு ஏலங்களில் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுவே. அவை விற்பதற்கென்றே எடுக்கப்பட்டவை. அன்று அவற்றை வாங்கியவரையோ அவர்களின் பேரப்பிள்ளைகளையோ திருடர் என்று கூற எவர்க்கும் உரிமை இல்லை.

ஏலத்தில் விலையை உயர்த்துவன எவை? படம் எடுத்த காலத்தை ஒட்டியே படி எடுக்கப்பட்டதா, தாள் கெடாமல் இருக்கிறதா, எடுத்தவரின் முத்திரையோ கையெழுத்தோ உள்ளதா, இதுவரை யார் யார் கையில் இருந்தது, இன்னும் எத்தனை படிகள் உலகில் உள்ளன என்பவை. அமெரிக்கக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழும் காட்சியை 1941இல் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து, பின்வந்த பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை அவர் அச்சிட்டார். முற்காலப் படிகளில் வானம் சற்று வெளிறியும் மேகம் மிகுந்தும் இருக்கும். பிற்காலப் படிகளில் அது கரிய வெளியாகிவிடும். 2006இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் அப்படத்தின் படி ஒன்று 609,600 டாலருக்குச் சென்றது. ஆயிரம் படிகள் இருந்தும் இவ்விலை. ஆகவே ஏலத்தில் விலைபோவது காட்சி மட்டும் என்று கூறுதல் பொருந்தாது. காட்சியை எந்த அச்சு நூலிலும் காணலாம். விலைபோவது அந்தக் காலத்தின் கைபட்ட தாள்.

தாளை வாங்குவோரைப் பழிப்பதற்கு முன் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் முறை. விலை என்பது பல வேளைகளில் காவலாக அமைந்திருக்கிறது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தார். அடுத்து ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் அப்பணியை வீண் ஆடம்பரமாகக் கருதி நிறுத்திவிட்டார். ஓர் அரசு வேண்டாம் என்று கைவிட்டதைப் பின்னாளில் தேடிச் சேர்த்தவர்கள் தொகுப்பாளர்களே. நாடகத் துறையில் பெயர்பெற்ற இப்ராகிம் அல்காசி பல ஆண்டுகள் அயல்நாட்டு ஏலங்களிலும் விற்பனையாளரிடமும் தெற்காசியாவின் பழைய படங்களை வாங்கிச் சேர்த்தார். அத்தொகுப்பு இன்று ஆய்வாளருக்கும் கண்காட்சிகளுக்கும் பயன்படுகிறது. டிரைப் எடுத்த படங்களும் அதில் உள்ளன.

பிரான்சு நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இடிக்கப்பட இருந்த பழைய பாரிஸின் தெருக்களையும் முற்றங்களையும் முப்பது ஆண்டுகளாகப் படமெடுத்த யூஜீன் ஆட்ஜே 1927இல் பெரும்புகழின்றி இறந்தார். அவர் விட்டுச்சென்ற தகடுகளிலும் படிகளிலும் பெரும்பகுதியைப் பெரனீஸ் அபட் என்னும் இளம் நிழற்படக் கலைஞர் வாங்கினார். அவர் செல்வர் அல்லர். எனினும் அவற்றைப் பல்லாண்டுகள் காத்து, படி எடுத்து, நூலாக வெளியிட்டு, கண்காட்சிகளில் வைத்து, 1968இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் சேர்ப்பித்தார். ஒருவர் விலை கொடுத்து வாங்கியதால் ஒரு நகரம் தன் பழைய முகத்தை இழக்காமல் காத்துக்கொண்டது.

இதிலிருந்து கசப்பான ஓர் உண்மையும் புலப்படுகிறது. பொருளின் அருமையை உறவினர் அறியாதபோது அயலார் அறிந்திருக்கின்றனர். வீடு மாறும்போது பழைய தொகுப்பேடுகளைக் குப்பையில் சேர்த்தவர்கள் எத்தனை பேர்! புதிய அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்று தாத்தாவின் பெட்டியைத் திறவாமலே எறிந்தவர்கள் எத்தனை பேர்! அயல்நாட்டு ஏலத்தில் விலை ஏறியபின் ‘இது எங்கள் ஊர்’ என்று எழும் பாசம், விலை வந்தபின் வந்த பாசம். அதற்கு மதிப்பு இல்லை என்று கூறவேண்டியதில்லை. ஆனால் அது குற்றம் சாட்டும் தகுதியைத் தானாகத் தந்துவிடாது. ஏலத்தில் தோற்ற ஆசிரியரின் துயரம் உண்மையானது. எனினும் அத்துயரத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் மட்டும் காரணர் அல்லர். காக்கத் தவறிய ஊரும் அதில் பங்குடையது.

இனி மறுபக்கம். விலை காவலாக இருப்பதைப் போலவே சிறையாகவும் ஆகிறது. அரிதாக இருப்பதால் விலை ஏறுகிறது என்னும்போது, அரிதாகவே வைத்திருக்கும் ஆசையும் உடன் பிறக்கிறது. நிலக்காட்சிப் படங்களால் புகழ்பெற்ற பிரெட் வெஸ்டன் 1991இல் தம் 80ஆம் பிறந்தநாளில் தம் நெகட்டிவ்களைத் தீயிலிட்டார். தம் படத்தைத் தம்மைத் தவிர வேறெவரும் அச்சிடுதல் கூடாது என்பது அவர் கொள்கை. கலைஞர் ஒருவர் தம் படைப்பைப் பற்றி அவ்வாறு எண்ண உரிமை உண்டு. இருப்பினும், ஆன்செல் ஆடம்ஸ் தம் நெகட்டிவ்களை அரிசோனாப் பல்கலைக்கழக மையத்திடம் பிற்காலத்தவர் கற்பதற்கென விட்டுச் சென்றதை எண்ணும்போது, இருவர் செயலையும் மனம் ஒன்றாக வைத்து மதிப்பதில்லை.

தொகுப்பாளர் எவரும் பொருளைத் தீயிலிடுவதில்லை. ஆயினும் எவர் கண்ணுக்கும் காட்டாமல் பெட்டகத்தில் வைத்து, விலை ஏறும் நாளுக்குக் காத்திருப்போர் உண்டு. பங்குப் பத்திரத்தைப் போல அதை வாங்குகின்றனர். பங்குப் பத்திரத்தைப் போல விற்கின்றனர். அந்தப் படத்தில் இருக்கும் ஊர் அவர்களுக்கு ஒரு பொருட்டே அன்று. திருக்குறளில் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. தானும் துய்க்காமல் பிறர்க்கும் உதவாமல் கிடக்கும் செல்வத்தைப் பற்றியது அது. காட்டப்படாத காட்சியைப் போல அவ்வதிகாரத்துக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு வேறு அரிது. உண்ணாத நெல் நெல்லாகவே கிடக்கும். காணப்படாத படமோ படமாகவே இருப்பதில்லை, வெள்ளி படிந்த தாளாகக் கிடக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். இக்காலத்தில் எந்தப் படத்தையும் மின்வழிப் படியெடுத்து உலகுக்கே காட்டிவிடலாமே. மூலத்தாள் யாரிடம் இருந்தால் என்ன? இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. தமிழ் கற்றோர்க்கு மீதிப் பாதியும் எளிதில் விளங்கும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். நூல் அச்சாகிவிட்டது என்பதற்காக அவர் ஏடுகளை எறிந்துவிடவில்லை. அவை அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் காக்கப்படுகின்றன. பாடத்தில் ஐயம் எழும்போது ஏட்டையே மீண்டும் பார்த்தல் வேண்டும். நிழற்படத்திலும் அவ்வாறே. தாளின் பின்புறத்து எழுத்து, நிலையத்தின் முத்திரை, ஒட்டியிருந்த அட்டையின் வகை ஆகியவை காலத்தையும் இடத்தையும் உறுதிப்படுத்தும் சான்றுகள். படியைத் திருத்திவிடலாம், மூலத்தில் கைவைத்தால் தடம் தெரியும்.

எனவே மூலமும் வேண்டும், படியும் வேண்டும். ஐயர் அவர்களின் தொண்டில் போற்றத்தக்கது ஏடுகளை அடைந்ததோடு நில்லாமல் அவற்றை ஊரறியச் செய்தது. தலைமுறை தலைமுறையாக ஏட்டுக்கட்டுகளை வைத்திருந்த வீடுகள் பல இருந்தன. வைத்திருந்தமையால் மட்டும் அவ்வீட்டாரைத் தமிழ் காத்தவர் என்று எவரும் கூறுவதில்லை. சிலர் மனமுவந்து தந்தனர். அவர்கள் பெயர் முன்னுரைகளில் நன்றியோடு நிற்கிறது. மூடி வைத்தோரின் கட்டுகளைச் செல் அரித்தது. உடைமைக்கும் காப்புக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது.

இன்னும் ஆழ்ந்து எண்ணினால், ஏலத்தில் எடுத்தவர் கையில் காட்சி முழுவதும் வந்துசேர்வதில்லை என்பதும் விளங்கும். தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மக்களின் அகவொழுக்கம் உரிப்பொருள். மூன்றனுள்ளும் உரிப்பொருளுக்கே சிறப்பு மிகுதி. நிலம் பாடலில் வருவது அங்கு வாழும் நெஞ்சங்களுக்காகவே. இந்த அளவுகோலைக் கொண்டு பழைய நிலக்காட்சிப் படத்தை நோக்கினால் ஒரு குறை புலப்படும். முதலும் கருவும் அதில் தெளிவாக இருக்கும், உரி இராது.

ஆடம்ஸின் படமே இதற்கு நல்ல சான்று. அதை எடுத்த நாளை அவர் குறித்து வைக்கவில்லை. பிற்காலத்தில் வானியல் அறிந்தோர் படத்தில் நிலவு நிற்கும் நிலையைக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1ஆம் நாள் மாலை 4.49 மணி என்று 1991இல் முடிவு கண்டனர். நிலமும் பொழுதும் நிமிடம் பிசகாமல் கிடைத்துவிட்டன. அதே படத்தில் நிலவின் கீழே சிற்றூரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மாலை வெயிலில் சிலுவைகள் ஒளிர்கின்றன. அச்சிலுவைகளின் கீழ் உறங்குவோர் யார்? அவர்களுக்காக அழுதவர் யார்? ஏலப் பட்டியலுக்கு அது தேவைப்படுவதில்லை. அந்தச் சிற்றூராரைக் கேட்டால் ஒருவேளை தெரியும்.

நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே இக்குறை குடிகொண்டிருந்தது. 1838இல் டகேர் பாரிஸ் நகரத்து அகன்ற வீதி ஒன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி அது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆயின. ஆகவே நடந்தவர், ஓடியவர், வண்டி இழுத்தவர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவமும் அவர் காலடியில் இருந்த தொழிலாளியின் மங்கிய சாயலுமே பதிந்தன. மற்றபடி வீதி வெறுமையாகக் காட்சி தருகிறது. நின்றவர் நிலைத்தார், உழைத்து நகர்ந்தவர் மறைந்தார். இது வேதியியல் செய்த வேலைதான். ஆனால் வரலாறும் பல வேளைகளில் இதையே செய்திருக்கிறது.

சிங்கப்பூரின் பழங்காட்சிகளை நோக்குவோர் இதை மறவாதிருத்தல் நன்று. 1861இல் நிறைவுற்ற புனித ஆண்ட்ரூ தேவாலயமும் 1869இல் நிறைவுற்ற ஆளுநர் மாளிகையும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. படங்களில் கட்டடங்கள் கம்பீரமாக நிற்கின்றன, கட்டியவர் இல்லை. எங்கேனும் ஒருவர் நின்றால், அவர் பெரும்பாலும் மரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகவே நிறுத்தப்பட்டவர். ‘டோபி காட்’ என்னும் பெயரில் சலவைத் தொழிலாளரின் துறை இன்றும் ஒலிக்கிறது. அங்கே துணி துவைத்தவரின் பெயர்கள் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை.

இப்போது அந்த ஏல மண்டபத்து வினாவுக்கு விடை தேடலாம். வென்றவரிடம் முதலும் கருவும் சென்றுவிட்டன. தோற்ற ஆசிரியரிடம் உரி தங்கிவிட்டது. எந்த மரத்தடியில் கச்சான் விற்றார்கள், மழை பெய்தால் திடலின் எந்த மூலையில் நீர் தேங்கும், போர்க்காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சொற்களில் பேசினார்கள் என்பவை அவர் நெஞ்சில் உள்ளன. அவற்றை எந்தச் சுத்தியலும் எவர்க்கும் விற்றுவிட இயலாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாள், குளிர்ந்த உலர்ந்த அறையில் நூறாண்டு இருக்கும். நெஞ்சில் உள்ளது மனிதரோடு மறையும். ஆகவே இருவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டவர்கள். வென்றவர் படத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். தோற்றவர் கதையைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஒருவர் கடமை தவறினால் மற்றவரிடம் உள்ளதும் பாதி வீணாகிறது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று தள்ளவேண்டியதில்லை. கட்டடக் கலைஞரும் அறிஞருமான லீ கிப் லின் சிங்கப்பூரின் பழைய படங்கள், அஞ்சலட்டைகள், வரைபடங்கள், நூல்கள் முதலியவற்றைப் பல்லாண்டு சேர்த்தார். மறையவிருந்த கட்டடங்களைத் தாமே படமெடுத்தார். 19,000க்கும் மேற்பட்ட அப்பொருள்களை அவர் குடும்பத்தார் 2009இல் தேசிய நூலகத்துக்கு வழங்கினர். தேசிய ஆவணக் காப்பகமோ 2015இல் ஒரு திட்டம் தொடங்கியது. விவரம் இல்லாத பழைய படங்களைப் பொதுமக்கள்முன் வைத்து, அவற்றில் இருக்கும் இடத்தையும் மனிதரையும் அறிந்தவர் எழுதித் தருமாறு அது வேண்டியது. வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் பணி 1979இலேயே இங்குத் தொடங்கிவிட்டது. முதலையும் கருவையும் தேடி வாங்கிய கையும், உரியைக் கேட்டு எழுதிய கையும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன.

ஒப்புரவைப் பற்றிக் கூறும் வள்ளுவர் ஊருணியை உவமையாக்குகிறார். ஊருணிக்கு வெட்டியவர் உண்டு. கரை கட்டியவர் உண்டு. காவல் செய்பவரும் உண்டு. நீர் ஊராருடையது. பழைய நிலக்காட்சிப் படத்தின் உடைமையும் இத்தன்மையதே. வாங்கியவர்க்கு உரிமை இல்லை என்று கூறுவது மிகை. பூசணம் படியும் ஈரக்காற்றிலிருந்து தாளைக் காப்பதற்குச் செலவும் உழைப்பும் தேவை; அவற்றை ஏற்பவர் நன்றிக்கு உரியவர். ஆனால் கரை தம்முடையது என்பதால் நீரையும் தம்முடையது என்று அவர் கூறலாகாது. கெடாமல் காத்தல், கேட்டவர்க்குக் காட்டல், யாரிடமிருந்து பெற்றது என்பதை மறையாது எழுதி வைத்தல், தம் காலத்துக்குப்பின் ஊருக்குச் சேரும் வழி செய்தல் ஆகிய நான்கையும் செய்பவரே காப்பாளர் என்னும் பெயருக்குத் தகுதியாவார். இவற்றைச் செய்யாதவர் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் தாளின் உரிமையாளர் மட்டுமே.

ஏலத்தில் விலை கேட்கும் வசதி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரும்பாலும் இல்லை. அதனால் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகாது. நூலகத்தில் எளிதாகக் கிடைக்கும் பழைய படம் ஒன்றின் படியை எடுத்துக்கொண்டு, சிராங்கூன் சாலை வட்டாரத்து முதியவர் ஒருவர்முன் வைத்து, “ஐயா, இது எந்த இடம்? அப்போது இங்கே என்ன இருந்தது?” என்று ஒரு மாணவர் கேட்டால் போதும். கேட்டதை நாளும் பெயரும் குறித்து எழுதி வைத்தால் போதும். பெரும்பொருள் கொடுத்தவர்க்கும் கிட்டாத உரிப்பொருள் அந்தக் குறிப்பேட்டில் வந்து சேரும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. காலம் தாழ்த்தாமை ஒன்றே வேண்டும். ஃபேரர் பார்க்கின் பழைய நாள்களை அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.